சிறிய பாய்ப்படகின் கட்டுப்பாட்டுக் கயிறுகள்: எந்த இழை, எந்தத் தடிமன்?

எண்ணூர்க்காரன்:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் தம்பியும் சேர்ந்து சென்ற ஆண்டு லேசர் என்னும், ஒருவர் ஓட்டும் சிறிய பாய்ப்படகு வகையில் பழையது ஒன்றை வாங்கினோம். நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் செலுத்தியது இதே படகின் சிறிய பாய் கொண்ட வகை என்பது இங்குள்ள பலருக்குத் தெரிந்திருக்கும். எங்கள் படகுக்கு முப்பது வயதுக்கு மேல் ஆகிறது. உடல் உறுதியாக இருக்கிறது. கப்பிகளும், கயிற்றைக் கவ்வி நிறுத்தும் கிளீட்டுகளும் பெரும்பாலும் படகோடு வந்த பழையவையே. போட்டிகளில் கலந்துகொள்ளும் எண்ணம் இப்போதைக்கு இல்லை. விடுமுறை நாள்களில் பிற்பகல் கடற்காற்று எழுந்தபின் இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டுகிறோம்.

படகோடு வந்த கயிறுகள் உப்பேறி விறைத்துப் போயிருந்ததால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மீன்பிடிக் கருவிகள் விற்கும் கடையொன்றில் 6 மி.மீ. நைலான் கயிறு என்று சொல்லி விற்ற மூன்று புரி கயிற்றை வாங்கி, பாயின் அடிவிளிம்பில் கிடையாக நிற்கும் தண்டான பூமைக் கீழே இழுத்துப் பிடிக்கும் வேங்குக்குப் போட்டேன். கரையில் இழுத்துக் கட்டும்போது கல் போல இறுகி நிற்கிறது. காற்றை எதிர்த்துக் கால் மணி நேரம் ஓட்டியபின் பார்த்தால் பூம் மேலே எழும்பியிருக்கிறது, பாயின் பின்விளிம்பு திறந்து கொள்கிறது. மறுபடி இழுக்கிறேன், மறுபடி தளர்கிறது.

பாயின் கீழ்ப் பின்முனையைப் பூமின் நுனியை நோக்கி இழுக்கும் அவுட்ஹாலுக்கு, வெளிநாட்டிலிருந்து வந்த நண்பர் கொடுத்த மேலுறை இல்லாத 4 மி.மீ. டைனீமா (மிக வலிமையான ஒருவகைப் பாலிஎத்திலீன் இழை) கயிற்றைப் போட்டிருக்கிறேன். அது நீளவே இல்லை, ஆனால் பூமின் மேலிருக்கும் கிளாம் கிளீட்டில் நிற்காமல் வழுக்கி வெளியே வந்துவிடுகிறது. பாயை இழுத்தும் விட்டும் கட்டுப்படுத்தும் மெயின்ஷீட் 8 மி.மீ. தடிமனுள்ள பாலியெஸ்டர், நனைந்தபின் கனத்துப்போய், மெல்லிய காற்றில் கப்பிகளின் வழியே தானாக ஓட மறுக்கிறது. படகின் பின்புறம் முக்கோணமாகக் கட்டும் டிராவலர் கயிறு, சுக்கான் தண்டு உரசும் இடத்தில் பஞ்சு போலப் பிரிந்து நிற்கிறது.

எல்லாவற்றையும் டைனீமாவாக மாற்றிவிடு என்று ஒருவர் சொல்கிறார். தடித்த பாலியெஸ்டரே போதும் என்று இன்னொருவர் சொல்கிறார். இரண்டு முறை செலவு செய்யும் வசதி எங்களுக்கு இல்லை. எந்தக் கயிற்றுக்கு எதை, எந்தத் தடிமனில் வாங்கலாம் என்பதைக் காரணத்தோடு சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

சாங்கிக் கரை:

வணக்கம். உங்களுடைய நான்கு தொல்லைகளுக்கும் நான்கு வெவ்வேறு காரணங்கள் இருப்பதால், ஒரே கயிற்றை வாங்கி எல்லா இடத்திலும் போட்டால் ஒன்று தீர்ந்து இன்னொன்று முளைக்கும். கயிற்றின் உறையில் பெரிதாக அச்சிட்டிருப்பது அது எத்தனை கிலோவில் அறும் என்ற எண்தான். ஆனால் லேசர் அளவுள்ள படகில் அந்த எண் உங்களுக்கு அநேகமாகப் பயன்படாது. நல்ல 4 மி.மீ. டைனீமா ஒன்றரை டன்னுக்கு மேல் தாங்கும். உங்கள் படகில் எந்தக் கயிற்றிலும் அந்தச் சுமைக்கு அருகில்கூட எதுவும் வராது. நீங்கள் பார்க்க வேண்டியவை வேறு: சுமை ஏறும்போது எவ்வளவு நீள்கிறது, கிளீட் அதைப் பிடித்து நிறுத்துமா, கப்பியில் தடையின்றி ஓடுமா, கையால் இழுக்க முடியுமா. ஒரே கயிறு இந்த நான்கையும் நிறைவு செய்வதில்லை என்பதால்தான் ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாக முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

முதலில் வேங். மூன்று புரி முறுக்குக் கயிற்றில் நீட்சி இரண்டு வழிகளில் வருகிறது. இழையே நீள்வது ஒன்று. சுமை ஏறும்போது முறுக்கு இறுகிப் புரிகள் நிமிர்ந்து கொள்வது மற்றொன்று. நைலான், பாலியெஸ்டரைவிட ஏறத்தாழ இரு மடங்கு நீளக்கூடியது. நங்கூரத்துக்கும் கட்டியிழுப்பதற்கும் அது சிறந்தது, அலையின் உதறலை வாங்கிக்கொள்ளும் என்பதால். ஆனால் நீங்கள் வாங்கியது நைலான்தானா என்பதே எனக்கு ஐயமாக இருக்கிறது. கரையில் இறுகி நின்று, கால் மணி நேரத்தில் மெல்ல மெல்லத் தளர்வது பாலிப்ரொப்பிலீனின் குணம். தொடர்ந்து இழுவிசையில் வைத்திருந்தால் அது சிறிது சிறிதாக நீண்டுகொண்டே போகும். ஒரு வாளித் தண்ணீரில் ஒரு சாண் துண்டை முக்கி, கையால் பிசைந்து காற்றுக் குமிழிகளை வெளியேற்றிவிட்டுப் பாருங்கள். மூழ்கினால் நைலான் அல்லது பாலியெஸ்டர். மிதந்தால் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன்.

வேங்கில் சிறு நீட்சி ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேங் பூமைப் பிடித்திருப்பது பாய்மரத்திலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குத் தூரத்தில். ஆகவே அந்த இடத்தில் கயிறு 3 செ.மீ. நீண்டால், பூமின் பின்முனை ஏறத்தாழ 9 செ.மீ. உயரும். பாயின் பின்விளிம்பு திறந்து கொள்வது அதனால்தான்.

உங்களுடையது பழைய படகு என்பதால் வேங், இழுக்கும் விசையை 3 மடங்காக்கும் கப்பியமைப்பாகத்தான் இருக்கும். இப்போதைய லேசர்களில் அதை இரண்டு அடுக்காக அமைத்து 15 மடங்கு வரை கொண்டுபோகிறார்கள். அப்படி அடுக்கும்போது நினைவில் வைக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. கையில் பிடிக்கும் கடைசிக் கயிறு 3 செ.மீ. நீண்டாலும், 15 மடங்கு அமைப்பில் அது பூமிடம் போய்ச் சேரும்போது வெறும் 2 மி.மீ. ஆகிவிடுகிறது. பூமுக்கு அருகில் இருக்கும் முதல் கயிறு 3 செ.மீ. நீண்டாலோ அதன் பெரும்பகுதி அப்படியே பூமில் தெரியும். ஆகவே பணத்தை முதல் கயிற்றில் போடுங்கள். அது ஒன்றரை அல்லது இரண்டு மீட்டர்தான் தேவைப்படும். அங்கே 4 அல்லது 5 மி.மீ. டைனீமா வாங்குங்கள், மேலுறை வேண்டியதில்லை, ஏனெனில் அதை எந்தக் கிளீட்டும் பிடிக்கப்போவதில்லை. கைக்கு வரும் கயிறு சாதாரண 6 மி.மீ. பின்னல் பாலியெஸ்டராக இருந்தால் போதும்.

இதே கணக்கு அவுட்ஹாலுக்கும், பாயின் முன்விளிம்பைக் கீழே இழுக்கும் கன்னிங்ஹாமுக்கும் பொருந்தும். உங்கள் அவுட்ஹால் வழுக்குவதற்குக் காரணம் டைனீமாவின் இயல்பு. தொட்டுப் பார்த்தாலே மெழுகு பூசியது போல இருக்கும். கிளாம் கிளீட்டின் வரிகள் கயிற்றின் மேற்பரப்பில் கடித்துப் பிடிக்க வேண்டும். வழுக்கும் இழையில் கடி விழுவதில்லை. அதோடு உங்கள் கிளீட் பழையது. அதன் பள்ளத்துக்குள் விரல் நகத்தை வைத்து மேலிருந்து கீழாக இழுத்துப் பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் நகம் தடுக்க வேண்டும். தடுக்காமல் வழுவழுப்பாக இறங்கினால், எந்தக் கயிற்றைப் போட்டாலும் அது நிற்காது. கயிற்றுக்கு முன்னால் கிளீட்டை மாற்றிவிடுங்கள். கிளீட் எந்த விட்டத்திலிருந்து எந்த விட்டம் வரை பிடிக்கும் என்பதைத் தயாரிப்பாளர் குறிப்பிட்டிருப்பார். அதற்குக் குறைந்த விட்டமுள்ள கயிறு பள்ளத்தின் அடியில் போய்த் தளர்வாகக் கிடக்கும்.

அங்கே நீங்கள் வாங்க வேண்டியது உள்ளே டைனீமாவும் வெளியே பாலியெஸ்டர் மேலுறையும் கொண்ட 5 மி.மீ. கயிறு. நீளாமல் இருப்பது உள்ளே, கிளீட் பிடிப்பது வெளியே. ஆனால் மேலுறை தளர்வாகப் பின்னப்பட்டிருந்தால், கிளீட் உறையை மட்டும் பிடித்துக்கொள்ள உள்கயிறு உள்ளுக்குள்ளேயே நழுவும். வாங்குமுன் இரு கைகளாலும் பிடித்து, உறை உள்ளே நகர்கிறதா என்று ஒரு முறை தள்ளிப் பாருங்கள்.

மெயின்ஷீட்டைப் பொறுத்தவரை 8 மி.மீ. உங்கள் படகுக்கு அதிகம். 6 மி.மீ. ஆக்கினால் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறத்தாழ பாதியாகிவிடும். கனமும் அது குடிக்கும் நீரும் அதற்கேற்பக் குறையும். நான் இங்கே சிங்கப்பூரில் அதைத்தான் பயன்படுத்துகிறேன். நீளம் 13 முதல் 14 மீட்டர் வரை. மெயின்ஷீட்டுக்கு டைனீமா தேவையே இல்லை. கை எந்நேரமும் இழுத்தும் விட்டும் கொண்டிருப்பதால் சிறு நீட்சி அங்கே உணரப்படுவதில்லை. மென்மையாக, நனைந்தாலும் விறைக்காமல், முறுக்கேறாமல் இருக்கும் பின்னல் கயிறு போதும்.

தோணித்துறை:

தம்பி, நான் தூத்துக்குடிக்காரன். என் அப்பா தோணியில் இருந்தவர். நான் சரக்குக் கப்பல்களில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் தோணிகளில் பாயை ஏற்றும் கயிற்றுக்கு ஆஞ்சான் என்று பெயர், பாயின் கீழ்முனையை இழுத்துப் பிடிக்கும் கயிற்றுக்குத் தாமான் என்று பெயர். நீங்கள் மெயின்ஷீட் என்று சொல்வது தாமான்தான். பெயர் மாறினாலும் கயிறு தேயும் இடம் மாறுவதில்லை என்பதால், சாங்கிக்காரர் எழுதியதோடு சிலவற்றைச் சேர்க்கிறேன்.

முதலாவது, முடிச்சு. எந்தக் கயிற்றில் முடிச்சுப் போட்டாலும் வலிமை குறையும். பாலியெஸ்டரில் ஒழுங்காகப் போட்ட போலைன் என்னும் கண்ணி முடிச்சு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் காப்பாற்றும். டைனீமாவில் பாதிகூட மிஞ்சாது. அறுந்துபோகும் அளவுக்கு உங்கள் படகில் சுமை இல்லை என்பது உண்மை. ஆனால் வழுக்கும் இழையில் முடிச்சு தானாகவே அவிழ்ந்து வரும் என்பதுதான் இங்கே அஞ்ச வேண்டியது. உறையில்லாத டைனீமாவில் போலைன் போட்டு, நுனியை விரலளவு விட்டு வெட்டிவிட்டு, பாய் படபடக்கும் நேரத்தில் அது நழுவிப் போனதை நானே பார்த்திருக்கிறேன். ஆகவே அந்தக் கயிற்றுக்கு முடிச்சு வேண்டாம், ஸ்ப்ளைஸ் செய்யுங்கள். பன்னிரண்டு இழைப் பின்னலாக, உள்ளே வெற்றிடமாக இருப்பதால் அது மிகவும் எளிது: கண்ணி அளவு விட்டு நுனியைக் கயிற்றின் வயிற்றுக்குள்ளேயே செருகி இழுத்துவிட வேண்டும். செருகும் நீளம் விட்டத்தைப் போல 72 மடங்கு இருக்கட்டும், 4 மி.மீ. கயிற்றுக்கு ஏறத்தாழ 29 செ.மீ. ஆகும். நுனியில் ஒவ்வோர் இழையாகச் சிறிது சிறிது இடைவெளி விட்டு வெட்டி, எலிவால் போலக் கூராக்கிவிட்டுச் செருகினால், உள்ளே முடியும் இடத்தில் மேடு தெரியாது. சுமையில்லாதபோது நழுவாமல் இருக்க, கண்ணியின் கழுத்தில் மெழுகு நூலால் நான்கு தையல் போட்டுவிடுங்கள். கருவி எதுவும் வாங்க வேண்டாம். மெல்லிய கம்பியை இரண்டாக மடித்தால் அதுவே ஊசி.

இரண்டாவது, உங்கள் டிராவலர். அது பஞ்சாகப் பிரிவது கயிற்றின் குற்றமில்லை. சுக்கான் தண்டு அதன் கீழே இருபுறமும் போய்வந்துகொண்டே இருக்கிறது. கயிறு தளர்வாக இருந்தால் தண்டின் மேல் படிந்து கிடக்கும், படிந்து கிடந்தால் உரசும். தண்டின் மேற்புறத்தில் ஏற்கனவே பள்ளம் விழுந்திருக்கும், தடவிப் பாருங்கள். அந்தப் பள்ளத்தின் ஓரங்களைத் தேய்த்து வழுவழுப்பாக்கிவிட்டு, ஒரு மெல்லிய துருப்பிடிக்காத எஃகுத் தகடோ வழுக்கும் நாடாவோ ஒட்டிவிட்டு, பிறகு புதுக் கயிறு போடுங்கள். இல்லாவிட்டால் புதுக் கயிறும் மூன்று மாதத்தில் அதே கதியாகும். டைனீமா உரசலை நன்றாகத் தாங்கும், நீளாது. ஆகவே அந்த இடத்தில் விலை கொடுத்து வாங்குவது வீணில்லை. ஆனால் கடைசியில் அதையும் ஒரு கிளீட்தான் பிடிக்கிறது என்பதை மறக்க வேண்டாம். மேலுறை உள்ளதாக 6 மி.மீ. வாங்குங்கள்.

மூன்றாவது, தலைமாற்றிக் கட்டுவது. ஒவ்வொரு பருவமும் தாமானைக் கழற்றித் தலைமாட்டைக் கால்மாடாக மாற்றிக் கட்டுவார் என் அப்பா. தேய்வது எப்போதும் ஒரே இடத்தில்தான் என்பதால், இடத்தை மாற்றினால் கயிறு இன்னொரு வாழ்வு வாழும். உங்கள் மெயின்ஷீட்டுக்கும் இதைச் செய்யுங்கள்.

ஒன்டாரியோ வாசி:

இருவரும் எழுதியதில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். மெயின்ஷீட்டின் தடிமனில் மட்டும் சாங்கிக் கரையோடு உடன்பட முடியவில்லை. சிங்கப்பூரில் காற்று பெரும்பாலும் மெல்லியது. அங்கே 6 மி.மீ. இதமாக இருக்கலாம். சென்னையில் ஏப்ரல், மே மாதப் பிற்பகல்களில் கடற்காற்று வலுத்து வீசும்போது, மூன்று மடங்குக் கப்பியில் மெல்லிய கயிற்றை இரண்டு மணி நேரம் இழுத்துப் பிடித்தால் விரல் மடிப்புகள் வெடித்துவிடும். இங்கே மே மாதத்தில் ஏரி நீர் கையை மரத்துப்போகச் செய்யும் அளவுக்குக் குளிர்ந்திருக்கும். அப்போது 6 மி.மீ. கயிறு கையில் இருக்கிறதா என்றே தெரிவதில்லை. நான் 7 மி.மீ. வைத்திருக்கிறேன். உங்கள் கப்பி ஒருபுறமாக மட்டும் சுழன்று கயிற்றைக் கவ்வும் ராட்செட் வகையாக இருந்தால் 6 மி.மீ. பற்றி யோசிக்கலாம்; பழைய சாதாரணக் கப்பியாக இருந்தால் 7 வாங்குங்கள், கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள்.

செலவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நானும் பழைய லேசர்தான் வைத்திருக்கிறேன். 1970களில் இங்கே கனடாவிலேயே, கியூபெக்கில் உள்ள புவாந்த்-கிளேரில் கட்டப்பட்டது. இந்தப் படகை வடிவமைத்த புரூஸ் கிர்பி 1969இல் வரைந்த முதல் படமே, காரின் கூரை மேல் ஏற்றிச் செல்லக்கூடிய, யாரும் வாங்கக்கூடிய எளிய படகு என்ற எண்ணத்தில் பிறந்தது. அதனால் அதன் கயிற்றமைப்பும் முதலில் மிக எளிதாகவே இருந்தது. இன்று கடைகளில் மொத்தமாக விற்கும் விலையுயர்ந்த கயிற்றுப் பொதி உங்களுக்குத் தேவையில்லை.

நான் செய்தது இது. பெரிய பாய்ப்படகு வைத்திருக்கும் ஒருவர், பாயை ஏற்றும் 10 மி.மீ. கயிற்றை மாற்றியபோது பழையதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். மேலுறை நைந்திருந்தது, உள்ளே டைனீமா. உறையைக் கத்தரித்து உருவிவிட்டால் உள்ளே இருக்கும் கயிறு பெரும்பாலும் புதிதாகவே இருக்கிறது, வெயில் அதன்மேல் பட்டதே இல்லை. அப்படிக் கிடைத்த கயிற்றில் என்னுடைய வேங்கின் முதல் கயிறும், கன்னிங்ஹாமின் முதல் கயிறும், நண்பர் ஒருவரின் படகுக்கு வேண்டியதும் தேறின. சற்றுத் தடிமன் கூடுதல்தான். கப்பியின் சக்கரத்தில் உரசாமல் உட்காருகிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். மஞ்சள் நிற உள்கயிறு வந்தால் எடுக்காதீர்கள். அது கெவ்லார் போன்ற அராமிட் இழையாக இருக்கக்கூடும். சிறிய கப்பிகளில் மடங்கி மடங்கி உள்ளேயே முறியும், வெயிலும் அதற்கு ஆகாது.

போட்டிக்குப் போகும் எண்ணம் பின்னால் வந்தால், கயிற்றின் தடிமன், கப்பிகளின் மடங்கு ஆகியவற்றுக்கெல்லாம் வகுப்பு விதிகள், அதாவது இந்தப் படகு வகைக்கென்றே உள்ள போட்டி விதிகள், உண்டு. 2019இல் இந்த வகுப்புக்கு ஐ.எல்.சி.ஏ. என்று பெயர் மாறியபின் வெளியான விதிப்புத்தகத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

எண்ணூர்க்காரன்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வாளித் தண்ணீரில் சோதித்துப் பார்த்தேன். நைலான் என்று வாங்கிய கயிறு தக்கை போல மிதந்தது. கடைக்காரரிடம் கேட்டபோது, செயற்கை இழைக் கயிறு எதுவானாலும் இங்கே நைலான் கயிறு என்றுதான் கேட்பார்கள், அதனால் நாங்களும் அப்படியே சொல்கிறோம் என்றார். இனி யாராவது இங்கே கயிறு வாங்கினால் ஒரு துண்டை நனைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கிளீட்டில் நகத்தை வைத்து இழுத்தேன். மேலே இரண்டு வரிகளில் தடுத்தது, அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. சுக்கான் தண்டில் தோணித்துறை ஐயா சொன்ன பள்ளமும் அப்படியே இருக்கிறது. நாணயத்தை நிறுத்தி வைக்கலாம் போல ஆழம்.

இன்னும் இரண்டு ஐயங்கள். டைனீமாவும் தொடர்ந்து இழுவிசையில் வைத்தால் மெல்ல நீளும் என்று ஓரிடத்தில் படித்தேன். அப்படியானால் வேங்கில் அதே தொல்லை திரும்ப வராதா? மிதக்கும் அந்தப் பத்து மீட்டர் கயிற்றை என்ன செய்வது?

சாங்கிக் கரை:

நீங்கள் படித்தது உண்மைதான். டைனீமாவுக்கு அந்தக் குணம் உண்டு. இரவும் பகலும் மாதக்கணக்கில் பெருஞ்சுமையைத் தாங்கும் இடங்களில், எடுத்துக்காட்டாகப் பெரிய படகுகளின் பாய்மரத்தைப் பிடித்து நிறுத்தும் கயிறுகளில், அதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். அந்த நீட்சியைக் குறைப்பதற்காகவே எஸ்.கே.78 போன்ற வகைகள் வந்தன. உங்கள் வேங்கில் ஏறும் சுமை கயிற்றின் வலிமையில் பத்தில் ஒரு பங்குகூட இராது, கரைக்கு வந்ததும் தளர்த்தியும் விடுகிறீர்கள். நீங்கள் உணரப்போவது முதல் இரண்டு மூன்று நாள்களில் ஸ்ப்ளைஸும் பின்னலும் இறுகி உட்காருவதால் வரும் சிறு தளர்ச்சியை மட்டுமே. கரையிலேயே படகை நிறுத்தி, முழு வலுவோடு இழுத்து ஒரு மணி நேரம் விட்டுவைத்தால் அதுவும் அடங்கிவிடும்.

டைனீமா வெப்பத்துக்கு அஞ்சும். ஏறத்தாழ 145 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். ஆகவே கப்பிக்குப் பதிலாகக் கயிற்றுக் கண்ணிக்குள்ளேயே இன்னொரு கயிற்றைக் கோத்து இழுக்கும் பழைய முறையை விட்டுவிடுங்கள். உரசும் இடம் பளபளப்பாகி, கண்ணாடிபோல் விறைத்துவிடும். சிறிய கப்பியோ வழுவழுப்பான வளையமோ போடுங்கள். மெயின்ஷீட் விஷயத்தில் ஒன்டாரியோ வாசி சொல்வது உங்கள் காற்றுக்குச் சரி, 7 வாங்குங்கள்.

தோணித்துறை:

மிதக்கும் கயிற்றைத் தூக்கிப் போடாதீர்கள், தம்பி. படகின் முன்முனையில் கட்டி, படகை இழுத்துச் செல்ல உதவும் கயிறாக வைத்துக்கொள்ளுங்கள். சிறுவர்கள் ஓட்டும் ஆப்டிமிஸ்ட் படகுக்கே, மிதக்கும் கயிறு, 5 மி.மீ.க்குக் குறையாத விட்டம், 8 மீட்டருக்குக் குறையாத நீளம் என்று விதி வைத்திருக்கிறார்கள். தண்ணீரில் மிதந்தால் இழுக்க வரும் மோட்டார் படகின் விசிறியில் சிக்காது, கையாலும் எட்டி எடுக்கலாம். ஆனால் வெயிலில் போட்டுவைக்க வேண்டாம். பாலிப்ரொப்பிலீன் நம்மூர் வெயிலில் வெளுத்து, தேய்த்தால் பொடியாக உதிரும். உதிரத் தொடங்கிய அன்றே மாற்றிவிடுங்கள்.

நல்ல கயிறுகளை ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். இழைகளுக்கிடையே உப்பு காய்ந்தால் மணல் துகள்போல் உள்ளிருந்தே அரிக்கும். மாதம் ஒரு முறை எல்லாவற்றையும் பழைய தலையணை உறையில் போட்டுக் கட்டி, சிறிது சோப்புத் தூள் கரைத்த தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்துங்கள். வெளுப்பான் வேண்டாம். நுனிகளை மறக்காதீர்கள்: பாலியெஸ்டரைச் சூடான கத்தியால் வெட்டினால் நுனி தானே ஒட்டிக்கொள்ளும், டைனீமாவில் அது சரியாக நிற்காது, மெழுகு நூலால் இறுக்கிச் சுற்றிக் கட்டவேண்டும்.

எண்ணூர்க்காரன்:

ஆறு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். துறைமுகத்தில் பெரிய படகு வைத்திருக்கும் ஒருவரிடம் கேட்டதில், உறை நைந்த பழைய கயிறு ஒன்று கிடைத்தது. வெள்ளை நிற உள்கயிறு. அதை வாளியிலும் போட்டுப் பார்த்தேன், மிதந்தது. அதிலிருந்து வேங்குக்கும் கன்னிங்ஹாமுக்கும் முதல் கயிறுகளை எடுத்துக்கொண்டோம். நண்பர் கொடுத்த 4 மி.மீ. துண்டு அவுட்ஹாலின் முதல் கயிறாகிவிட்டது. அதன் முனையில் ஒரு சிறு கப்பியைக் கட்டி, கிளீட்டுக்கு வரும் பகுதிக்கு மேலுறையுள்ள 5 மி.மீ. கயிறும் புதிய கிளீட்டும் போட்டோம். விலை கொடுத்து வாங்கியவை அவையிரண்டும், 7 மி.மீ. மெயின்ஷீட் 13 மீட்டரும், டிராவலரும், வேங்குக்கும் கன்னிங்ஹாமுக்கும் கையில் வரும் 6 மி.மீ. பாலியெஸ்டரும், சில கப்பிகளும்தாம். முதல் ஸ்ப்ளைஸ் மூன்று முறை கோணலாக வந்தது. நுனியைக் கூராக்காமல் அவசரப்பட்டது காரணம். நான்காவது முறை என் தம்பி செய்தான், நன்றாக அமைந்தது.

நீட்சியை அளந்து பார்க்க விரும்பி, பூமின் பின்முனையிலிருந்து தளம் வரை ஒரு நூலைத் தொங்கவிட்டு, வேங்கை இறுக்கியவுடன் ஒரு குறியும் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்தபின் கயிற்றைத் தொடாமல் இன்னொரு குறியும் வைத்தோம். பழைய கயிற்றில் இரண்டு குறிகளுக்கும் இடைவெளி என் கட்டை விரலிலிருந்து சுண்டுவிரல் வரை, ஒரு முழுச் சாணுக்குச் சற்றே குறைவு. புதிய அமைப்பில் முதல் நாள் இரண்டு விரல் அகலம் இருந்தது. மூன்றாவது வாரத்திலிருந்து நூலில் இரண்டு குறிகளும் ஒன்றன்மேல் ஒன்றாகவே விழுகின்றன. டிராவலர் கயிற்றில் இதுவரை ஓர் இழைகூடப் பிரியவில்லை. சுக்கான் தண்டில் ஒட்டிய தகட்டில் மட்டும் மெல்லிய கீறல் ஒன்று தெரிகிறது.